ஜெர்மனி செல்லும் சுபத்ரா

சுபத்ராவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவள் பூ வைக்காததைச் சொல்ல வேண்டும். ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் போகிற ரோட்டில் அவர்கள் தெரு. கல்யாண வயசில் ஒரு பெண் வெள்ளிக்கிழமையிலும் வெறுந்தலையோடு பஸ் ஏறினால் அந்தத் தெருவில் யார்தான் சும்மா இருப்பார்கள்? பூ இல்லை, முகத்துக்குப் பவுடர் இல்லை, மஞ்சள் இல்லை, தலைக்குத் தேய்க்கிற எண்ணெயில்கூட வாசனை இருக்கக் கூடாது. எவனையோ நம்பி ஏமாந்து விட்டாள் என்று ஒரு பேச்சு. மதம் மாறிவிட்டாள் என்று இன்னொரு பேச்சு.

அவள் அம்மா அம்மணியும் எத்தனை பேரிடம்தான் சொல்லி மாளுவாள்?

"புழுவுக்கு ஆவாதாம்மே. வாசன பட்டா சுருண்டு செத்துப் பூடுமாம். அதான் வெக்கறதில்ல."

"புழுவுக்குப் பயந்துகினு பொண்ண மூளியா அனுப்பறியா நீ? நல்லா இருக்குது போ."

புழு என்றால் பட்டுப்புழு. ஊரே பட்டில் பிழைக்கிற ஊர்தான். ஆனால் நூல் வெளியூரிலிருந்து மூட்டையாக வந்து இறங்குகிறது. அதைக் கக்குகிற புழு கறுப்பா வெளுப்பா என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். கூலி வேலை செய்கிற வீட்டில் பிறந்த சுபத்ராவுக்குத்தான் அந்தப் புழுவின் தூக்கமும் விழிப்பும் தெரிந்திருந்தது. கண்ணமங்கலம் தாண்டி ஒரு காலேஜ். அங்கே ஒரு ஆராய்ச்சிக் கூடம், அவர்கள் பாஷையில் லேப். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறேன் என்று அங்கே சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குப் பூவும் பவுடரும் போயிற்று.

லேப்பை நடத்துகிறவர் ஸ்வர்ணலதா மேடம். ஆரணி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிய பட்டுக் கடை வைத்திருக்கிற வேணுகோபாலின் மகள். வெளிநாட்டில் படித்து வந்தவர். அவர் வாழ்நாளெல்லாம் பார்ப்பது செலினியம். அது மண்ணில் இருக்கிறது, தண்ணீரில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. உடம்பில் துளியிலும் துளி இருந்தால்தான் உயிர் தெம்பாக இருக்குமாம். கொஞ்சம் கூடிவிட்டால் அதுவே விஷமாம். எதுவரைக்கும் நல்லது, எங்கே கெடுதல் ஆரம்பிக்கிறது என்று பார்ப்பதற்காக, மல்பெரி இலையில் அதைத் தெளித்துப் புழுவுக்குப் போட்டார்கள். போட்டார்கள் என்றால் சுபத்ரா போட்டாள். தீபாவளிக்கும் போட்டாள், பொங்கலுக்கும் போட்டாள். அப்பா செத்துப் பால் தெளித்த மறுநாளும் போய்ப் போட்டாள். புழுவுக்குத் துக்கம் தெரியுமா, அதற்கு வேளைக்கு இலை வேண்டும்.

இந்தச் செலினியத்தைப் பார்க்கிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். குலதெய்வம் கோயிலுக்குப் பங்காளிகள் கூடுகிற மாதிரி அவர்களும் அவ்வப்போது ஒரு ஊரில் கூடுவார்கள். பெரியவர்கள் மேடையில் பேசுவார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு வேறு வழி. ஒரு கூடத்தில் வரிசையாகப் பலகை நிறுத்தி வைத்திருப்பார்கள். அவரவர் செய்ததைப் படமும் எழுத்துமாக ஒரு பெரிய தாளில் அச்சடித்து அதில் ஒட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். வருகிறவர்கள் கேட்பார்கள், நிற்கிறவர்கள் சொல்ல வேண்டும். அதற்குப் போஸ்டர் என்று பெயர்.

மேடம் ஒரு மாநாட்டையும் விடமாட்டார். போகும்போதெல்லாம் அப்பா கடையிலிருந்து பட்டுச் சால்வைகள் வரும். அங்கே வருகிற பெரிய விஞ்ஞானிகளுக்குப் போர்த்துவதற்கு. அதை மடித்துப் பெட்டியில் அடுக்குவதும் சுபத்ரா வேலைதான். அவள் கை பட்டால் மடிப்பு கலையாது என்று மேடமே சொல்லுவார். அதைப் பாராட்டு என்றுதான் அவளும் ரொம்ப நாள் எடுத்துக்கொண்டாள்.

ஒரு முறை ஹைதராபாத் மாநாட்டுக்கு அவளையும் கூட்டிப் போனார். போஸ்டர் சுருளையும் சால்வைப் பெட்டியையும் தூக்க ஆள் வேண்டுமே. மேடம் சாப்பிடப் போன நேரம் போஸ்டர் பக்கத்தில் அவள் மட்டும் நின்றாள். நரைத்த தாடி வைத்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, புழுப் படத்தை உற்றுப் பார்த்து ஒன்று கேட்டார். சுபத்ராவின் இங்கிலீஷ் தடுக்கித் தடுக்கி நடக்கிற இங்கிலீஷ். அவர் அவசரப்படவில்லை. அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் நின்றார். பிறகு இன்னொன்று கேட்டார். அதற்கும் சொன்னாள். "நல்ல வேலை செய்திருக்கிறாய்" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அவ்வளவுதான். வேறு ஒருவரும் வரவில்லை. ஆனால் திரும்பி வரும்போது ரயிலில் அவள் தூங்கவே இல்லை. பிறந்ததிலிருந்து அவளை யாரும் அவள் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்டதில்லை. வேலை சொல்லித்தான் பழக்கம். இன்னொரு தடவை அப்படி நிற்க வேண்டும், தன் வேலைக்குப் பக்கத்தில், யாராவது கேட்கச் சொல்ல வேண்டும். அதுதான் அவளுக்குப் பைத்தியமாகப் பிடித்தது. நகை நட்டுக்கு ஆசைப்பட்டிருந்தால்கூடச் சுலபமாகத் தீர்ந்திருக்கும்.

போன வருஷக் கடைசியில் மேடம் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னார். "அடுத்தது ஜெர்மனி. நம்ம லேப் பேர் அங்க நிக்கணும். பாஸ்போர்ட் இல்லாதவங்க இப்பவே எடுத்து வெச்சுக்கோங்க."

அந்த லேப்பில் பாஸ்போர்ட் இல்லாதவள் சுபத்ரா ஒருத்திதான். அப்படியானால் அது யாருக்குச் சொன்ன சொல்? அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். நீங்களானாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வீர்கள்.

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் பைக்கில் தெருவுக்கு வந்தார். அண்ணன் தென்னரசு என்ன செய்தான் என்று தெருவே கூடிவிட்டது. அவன் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன், வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வம்புக்குப் போகாதவன். லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, போலீஸ்காரருக்குச் சொல்கிற சாக்கில் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னான். "என் தங்கச்சி ஜெர்மனி போவுதுங்க சார். செலினியம் மாநாட்டுக்கு."

"அது எந்தக் கட்சிப்பா?" என்று கேட்டார் ஒரு கிழவர்.

ஆடி பிறப்பதற்கு முன்னால், சுபத்ரா எழுதி அனுப்பியிருந்த போஸ்டரை மாநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள் என்று பதில் வந்தது. வீட்டுக்கு வந்து, "எடுத்துக்கினாங்கம்மா" என்றாள் சுபத்ரா. அம்மணி ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு வந்து மகளின் முகத்தைத் தடவித் திருஷ்டி முறித்தாள். தென்னரசு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். எங்கே என்று கேட்டதற்கு, "தோ வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னான்.

அவன் போனது பேனர் கடைக்கு.

நம் பக்கத்தில் காது குத்தினாலும் பேனர், கண்ணை மூடினாலும் பேனர். ஒரு பெண் ஜெர்மனி போகிறாள் என்றால் சும்மா விடுவார்களா? நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். போட்டவன் முகம் பேனரில் வர வேண்டும் என்பது எழுதாத சட்டம். நடுவில் சுபத்ரா வெள்ளைக் கோட்டில் சிரிக்கிறாள். மேலே விளக்கு ஒளிக்கு நடுவில் செத்துப்போன அப்பா. ஓரத்தில் கூலிங் கிளாஸ் போட்ட தென்னரசு. கீழே நண்பர்கள், அவர்கள் பிள்ளைகள், மொட்டை அடித்த ஒரு கைக்குழந்தை. வெளிநாடு என்றதும் கடைக்காரப் பையன் பின்னால் ஈபிள் கோபுரத்தைப் போட்டுவிட்டான். அது ஜெர்மனியில் இல்லை என்று சுபத்ராவுக்குத் தெரியும். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சொல்லவில்லை. 'ஜெர்மனி செல்லும் எங்கள் குலவிளக்கு, செலினியம் விஞ்ஞானி சுபத்ராவை வாழ்த்தி வழியனுப்புகிறோம்.'

மேடம் படம் அதில் இல்லை. அம்மணி கேட்டாள். "டேய், அந்தப் பட்டுக் கடக்காரம்மா படம் போடலியா?"

"அதெப்படிம்மா போடறது? பெரிய எடத்துப் பொம்பள. கேக்காம கொள்ளாம நம்ம ஆளுங்களுக்கு நடுவுல போட்டா, என்னை எங்கடா கொண்டாந்து வெச்சீங்கன்னு கேக்க மாட்டாங்க? மருவாத தெரியணும்மா."

மரியாதை தெரிந்துதான் விட்டான். அந்த மரியாதையோடுதான் பேனரைக் கட்ட இடமும் தேடினான். தெருமுனை போதாது என்று பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், வேணுகோபாலின் கடைக்கு எதிர்க் கம்பத்தில் கொண்டுபோய்க் கட்டினான். "அவங்க வூட்டு ஆளுங்களும் பாத்து சந்தோசப்படட்டும்."

இரண்டாம் நாள் மேடம் சுபத்ராவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காரும்மா." செல்போனைத் திருப்பிக் காட்டினார். பேனர்தான். "இது யாரு, கண்ணாடி போட்டுகிட்டு?"

"எங்க அண்ணன் மேடம்."

"இவங்கல்லாம்?"

"அண்ணனோட ஃப்ரெண்ட்ஸ் மேடம்."

"ம். எல்லாரும் இருக்காங்க. ஈபிள் டவர்கூட இருக்கு." சிரித்தார். "லேப் எங்க சுபத்ரா? ஒரு ஓரத்துல ஒரு வரி? எங்க அப்பா கடைக்கு வர்றவங்கல்லாம் கேக்கறாங்க, உங்க பொண்ணு லேப்தானே, உங்க பொண்ணு பேரே காணோமேன்னு. அப்பாவுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. அண்ணன் உங்க மேல இருக்கிற மரியாதையிலதான்... இன்னிக்கே எடுக்கச் சொல்றேன் மேடம்."

"சேச்சே, பேனருக்காகவா சொல்றேன்? நான் அவ்வளவு சின்ன மனுஷியா?" போனைக் கவிழ்த்து வைத்தார். "இந்த வாட்டி கமல் போகட்டும். ஒருத்தருக்குத்தான் ஃபண்டு வந்திருக்கு. அதுவுமில்லாம மாநாடு நடக்கிற வாரம் புழு கடைசிப் பருவத்துல இருக்கும். உன்ன மாதிரி வேற யாரு பாத்துப்பா சொல்லு?"

கமல் என்றால் கமலக்கண்ணன், மேடத்தின் அண்ணன் மகன். லேப்பில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புழுவைத் தொட்டால் கூசும் என்று கையுறையோடுதான் அந்த அறைக்குள் வருவான்.

"போஸ்டர் என்னுது மேடம்" என்றாள் சுபத்ரா.

"லேப்போட போஸ்டர்மா" என்றார் மேடம், பிரியமாக.

அன்றைக்கு அவள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. புழுவுக்கு இலை போட்டுவிட்டு, தட்டைத் துடைத்துவிட்டு, வழக்கமான பஸ்ஸில்தான் போனாள். நடந்ததைச் சொன்னாள். தென்னரசு பாதிச் சோற்றில் கை கழுவினான்.

மறுநாள் தானே ஏறிக் கம்பத்திலிருந்து பேனரை அவிழ்த்தான். சுருட்டி ஆட்டோவில் போட்டுக்கொண்டு, ஒரு தட்டில் ஆப்பிளும் சாத்துக்குடியும் வெற்றிலை பாக்கும் வைத்து எடுத்துக்கொண்டு வேணுகோபாலின் கடைப் படியேறினான். கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்கள் நிறைந்திருந்த நேரம். செருப்பைத் தெருவிலேயே கழற்றிப் போட்டுவிட்டான்.

"தெரியாம நடந்து போச்சுங்க. தங்கச்சி மேல தப்பு ஒண்ணும் கெடையாது. மேடம் படத்தப் பெருசா போட்டு, எங்க படமே இல்லாம, வேற அடிச்சுக் கட்டிடறேங்க."

வேணுகோபால் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கடைப்பையனை விட்டுக் கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். "அதெல்லாம் எதுக்குப்பா. படிப்பு விஷயம், நாம தலையிடக் கூடாது. நீ கலரக் குடி." குடித்து முடித்ததும், "பழத்த எடுத்துகினு போ தம்பி, வூட்ல புள்ளைங்களுக்கு ஆவும்" என்று தட்டை அவன் பக்கமே தள்ளினார்.

அந்தப் பழம் வீட்டில் கிடந்து சுருங்கியது. யாரும் தொடவில்லை. கடைசியில் ஆடு தின்றது.

கமலக்கண்ணன் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. கிளம்புவதற்கு முந்தின நாள், "அக்கா, ஒரு தடவ எல்லாத்தையும் சொல்லிக் குடுங்கக்கா" என்று போஸ்டரை மேசையில் விரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். முதல் பெயர் அவனுடையது. இரண்டாவது சுபத்ரா. அவள் சால்வைகளை மடித்துக்கொண்டே படம் படமாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"குளிருமாமே அங்க. ஸ்வெட்டர் எடுத்துக்கினியா?"

"அதெல்லாம் விசாவுக்குச் சென்னை போனப்பவே அத்தை வாங்கிக் குடுத்துட்டாங்கக்கா. செம வெயிலு அன்னிக்கு, அக்னி நட்சத்திரம். அதுல ஸ்வெட்டர் வாங்கினோம்." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

சுபத்ராவின் கை சால்வை மேல் நின்றுவிட்டது. அக்னி நட்சத்திரம் என்றால் சித்திரை, வைகாசி. பேனர் கட்டியது ஆடிக்குப் பக்கத்தில். பேனரும் இல்லாத, போஸ்டருக்குப் பதிலும் வராத நாளிலேயே அவன் விசாவுக்கு நின்றிருக்கிறான்.

அவள் சால்வையை உதறி மறுபடி மடித்தாள். மடிப்பு நேராக வந்தது.

அந்த வாரம் தெருவில் அவள் தலை தெரிந்தபோதெல்லாம் ஒரு கேள்வி. "இன்னாடி சுபத்ரா, ஜெர்மனிக்குக் கண்ணமங்கலத்துல எறங்கித்தான் பஸ் மாறணுமா?" சிரிப்பு. அவள் பதிலுக்குச் சிரிப்பாள். அம்மணியால் முடியவில்லை. தெருக்குழாயில் குடத்தைப் போட்டுவிட்டே சண்டைக்குப் போய்விட்டாள். "உங்க வூட்டுப் பொண்ணு போளூர் தாண்டி இருக்குதாடி? பேச வந்துட்டாளுங்க."

மாநாடு நடக்கிற நாள். மத்தியானம் தாண்டி, அவள் புழு அறையில் இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. கமலக்கண்ணன், வாட்ஸ்அப்பில். பின்னால் சந்தை மாதிரி இரைச்சல்.

"அக்கா, ஜல்தியா சொல்லுங்க. ஒருத்தர் கேட்டுகினே இருக்காரு. தோல் உரிச்சு எழுந்த புழுவுக்கு ஏன் ஒடனே செலினியம் இல குடுக்கல, ஏன் வெறும் இல குடுத்தீங்கன்னு. அத்தை வேற மேடைல இருக்காங்க. எனக்கு ஒண்ணும் புரியல. போன ஸ்பீக்கர்ல போடட்டுமா?"

அது அவளாகக் கண்டுபிடித்த விஷயம். தோல் உரித்து எழுகிற புழு வெறும் வயிற்றோடு எழும், பசியில் வாரித் தின்னும். அப்போது மருந்து இலையைப் போட்டால் அளவுக்கு மேல் உள்ளே போய்விடும். ஒரு வேளை வெறும் இலை போட்டு வயிற்றை நிரப்பிவிட்டுத்தான் அதைப் போட வேண்டும். ஒரு தட்டுப் புழு முழுக்கச் செத்த பிறகு அவளுக்குப் புரிந்தது இது.

இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் இருந்த குரல் அவசரப்படாத குரல். இடையில் ஒன்று கேட்டது, கேட்டுவிட்டுக் காத்திருந்தது. சொன்னாள். பிறகு அந்தக் குரல் கமலக்கண்ணனிடம் கேட்டது அவள் காதிலும் விழுந்தது. "இது யார் பேசுவது?"

"எங்க லேப்ல புழு பார்த்துக்கிறவங்க, சார்" என்று இங்கிலீஷில் சொன்னான் அவன்.

இலைக்கத்தி அவள் கையிலேயே இருந்தது. போனை வைத்திருக்கலாம். நானும் இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் அந்த இடத்தில், "வெச்சிருக்க வேண்டியதுதானே?" என்றுதான் கேட்கிறார்கள். அவள் வைக்கவில்லை. பாக்கியையும் சொல்லி முடித்தாள். கேள்வி நல்ல கேள்வி. பாதியில் விட அவளுக்கு மனசு வரவில்லை. முடித்துவிட்டு, "இலை போடற நேரம் ஆச்சு" என்று சொல்லி வைத்தாள்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். மேடம் அவளுக்குச் சாக்லெட்டும் ஒரு கீசெயினும் கொடுத்தார். "அடுத்தது டெல்லில இருக்கும்மா. பாக்கலாம்." அந்தப் 'பாக்கலாம்' எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்கு இப்போது தெரியும். ஆனாலும் தலையாட்டினாள். ஆட்டாமல் என்ன செய்வாள்? மேடம் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். இத்தனை வருஷம் பூ வைக்காமல் இருந்தது அந்தக் கையெழுத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய பஸ் ஸ்டாண்டில் அதே கம்பத்தில் புதுப் பேனர் ஏறியது. 'ஜெர்மனி மாநாட்டில் ஆரணிக்குப் பெருமை சேர்த்த கமலக்கண்ணன்.' மேடம் பெரிதாக, வேணுகோபால் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக. பின்னால் ஈபிள் கோபுரம். அதே கடைக்காரப் பையன்தான்.

ஐப்பசி மழைக்கு ஆட்டுக் கொட்டகை ஒழுகியது. அம்மணி மூலையில் கிடந்த பழைய பேனரை இழுத்து வந்தாள். தென்னரசு பாய்ந்து வந்து பிடுங்கினான். "அதக் கொளுத்தப் போறேன்மா. அதப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல. என்னாலதான் பாப்பா போகாம போச்சு."

"நல்லா திக்கா இருக்குதுணா, எதுக்குக் கொளுத்தற? மேல போடு" என்றாள் சுபத்ரா. "உன்னால இல்ல."

"பின்ன?"

"நீ பேனர் கட்டறதுக்கு முன்னாலயே அவனுக்கு விசா எடுத்துட்டாங்க. வெயில் காலத்துலயே. பேனர் இல்லன்னாலும் நான் போயிருக்கப் போறதில்ல."

தென்னரசு பேனரைப் பிடித்தபடியே நின்றான். மழை அவன் கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது. தங்கச்சி தன்னைத் தேற்றுகிறாள் என்று முதலில் நினைத்தான் போலிருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்ததும் இல்லை என்று புரிந்துவிட்டது.

"அப்ப நான் அந்தக் கடைல போயி நின்னது?"

அவள் பேனரின் மறுமுனையைப் பிடித்தாள்.

"என் தப்பாவே இருந்திருக்கலாம் பாப்பா" என்றான். "என் தப்புன்னா அடுத்த வாட்டி பாத்து நடந்துக்குவேன். இதுக்கு இன்னா பண்றது?"

இரண்டு பேருமாகப் பிடித்துப் பேனரைக் கூரை மேல் போட்டார்கள். வெயில் இறங்காமல் இருக்க வெள்ளைப் பக்கம்தான் மேலே வர வேண்டும், எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள். அதனால் படம் உள்பக்கம் போயிற்று. காலையில் தழை போடக் குனிந்து நுழைந்து நிமிர்ந்தால் வெள்ளைக் கோட்டில் சுபத்ரா தலைக்கு மேலே சிரிக்கிறாள். முதல் இரண்டு நாள் அம்மணிக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. பிறகு பழகிவிட்டது. ஆடுகளுக்கு முதல் நாளே பழகிவிட்டது.

சுபத்ரா ஏழு மணி பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பூ வைக்கவில்லை.